கடல் கடந்த வகுப்பறைகளில் ஆப்பிரிக்க மொழிகள்: யார், யாருக்கு, எதற்காகக் கற்பிக்கிறார்கள்?

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜூலை 7 இரட்டைமலை சீனிவாசன் பிறந்த நாள். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர் என்று அவரை நினைவுகூர்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆப்பிரிக்காவில் இருந்தார் என்பதையும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார் என்பதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பது சிறிய வேலை இல்லை. ஒப்பந்தக் கூலியாகப் போன ஒருவருக்கும் அவரைத் தண்டிக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரே ஆள் மொழி தெரிந்தவர்தான். ஒரு சொல் தவறினால் ஒரு மனிதர் சிறைக்குப் போவார்.

அதே ஜூலை 7ஐ உலகக் கிசுவாஹிலி மொழி நாளாக யுனெஸ்கோ 2021இல் அறிவித்தது. 1954இல் அந்த நாளில்தான் ஜூலியஸ் நைரேரே தலைமையிலான டாங்கனிக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் சுவாஹிலியை விடுதலைப் போராட்டத்தின் மொழியாக ஏற்றது. இரண்டும் ஒரே நாளில் வருவது தற்செயல்தான். ஆனால் மொழியும் அதிகாரமும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் நமக்கு இல்லை.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் சுமார் 2000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றுள் சில ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிரேசிலிலும் நீண்ட காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றன. கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ‘கற்பிக்கப்படுகிறது’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஆள்வதற்காகக் கற்றவர்கள் உண்டு. பறிகொடுத்ததை மீட்கக் கற்றவர்கள் உண்டு. பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது என்று கற்பிப்பவர்கள் உண்டு. இம்மூன்றையும் பிரித்துப் பார்ப்பதும், ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் பாடத்துக்குள் நுழையும் ஏற்றத்தாழ்வை அடையாளம் காண்பதும் இந்த உரையின் நோக்கம்.

ஆள்வதற்காகக் கற்ற மொழி

ஐரோப்பாவில் ஆப்பிரிக்க மொழிகளுக்கு முறையான வகுப்பறை ஏற்பட்டது அன்பினால் இல்லை. 1887இல் பெர்லினில் கீழைமொழிப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவை ஜெர்மனி கைப்பற்றிக்கொண்டிருந்த காலம் அது. அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் சுவாஹிலி தேவைப்பட்டது. 1908இல் ஹாம்பர்கில் காலனிய நிறுவனம் என்ற பெயரிலேயே ஒரு கல்விக்கூடம் எழுந்தது. லண்டனில் 1916இல் அரச சாசனம் பெற்ற கீழைத்தேயக் கல்விப் பள்ளியின் பெயரில் ‘ஆப்பிரிக்க’ என்ற சொல் 1938இல் சேர்ந்தது. பேரரசின் ஊழியர்களைப் பயிற்றுவிப்பது அதன் தொடக்க கால வேலைகளில் முதன்மையானது.

இந்த வகுப்பறைகளில் மொழி தெரிந்தவர்களுக்கு என்ன இடம் கிடைத்தது என்பதற்கு ஒருவரின் வாழ்க்கை போதும். பகமோயோ பகுதியைச் சேர்ந்த ம்டோரோ பின் ம்வின்யி பகாரி 1900இல் பெர்லினுக்குச் சுவாஹிலி கற்பிக்கச் சென்றார். பேராசிரியர் ஜெர்மானியர், தாய்மொழியாளரான ம்டோரோ அவருக்குக் கீழே துணைநிலையில் இருந்தவர். கறுப்பர் ஒருவரிடம் பாடம் கேட்க மனமில்லாத மாணவர்களின் அவமதிப்பைச் சந்தித்து 1905இல் அந்த வேலையை விட்டார். சுவாஹிலி மக்களின் பிறப்பு, திருமணம், சாவு, கடன், அடிமைமுறை, வழக்குகள் அனைத்தையும் சுவாஹிலியிலேயே விரித்துரைக்கும் ஒரு பெரிய நூலில் பெரும்பகுதி அவருடைய எழுத்து. அந்நூல் 1903இல் கார்ல் வெல்டன் என்ற ஜெர்மானியரின் பெயரைத் தாங்கி வெளிவந்தது. 1981இல் வந்த ஆங்கிலப் பதிப்பில்தான் ம்டோரோவின் பெயர் தலைப்பிலேயே இடம்பெற்றது. 78 ஆண்டுகள்.

நம் முன்னோர்களின் பாடல்களையும் கதைகளையும் வைத்தியக் குறிப்புகளையும் ‘சேகரித்தவர்’ பெயரில் அச்சிட்டு, சொன்னவரைப் ‘தகவலாளர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிய நூல்களை நாமும் அறிவோம். ஆகவே இந்த 78 ஆண்டுகளின் கனம் நமக்கு விளங்கும்.

யார் படிக்கிறார்கள் என்பது என்ன இலக்கணம் கற்பிக்கப்படுகிறது என்பதையும் தீர்மானிக்கிறது. 1936இல் கென்யாவின் வெள்ளைக் குடியேறிகளுக்காக ஒரு சுவாஹிலிப் பயிற்சி நூல் வெளியானது. படைவீரர், குடியேறி, சுரங்கக்காரர், வணிகர், அவர்களுடைய மனைவியர் ஆகியோருக்கானது என்று அதன் தலைப்பே அறிவித்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் ஃபனகலோ என்ற கலப்புமொழி புழங்கியது. சொற்கள் பெரும்பாலும் ஜூலுவிலிருந்து வந்தவை. பயன்பாடு பெரும்பாலும் ஏவல். ‘எடு’, ‘போடு’, ‘சீக்கிரம்’ என்பவை அதில் உண்டு. தொழிலாளி திரும்பிக் கேள்வி கேட்க அதில் இடம் குறைவு. இது நமக்குப் புதிதில்லை. இலங்கைத் தோட்டத் துரைமாருக்காக ‘கூலித் தமிழ்’ என்ற பெயரிலேயே பாடநூல் இருந்தது. ஒரு மொழியைக் கட்டளையாக மட்டும் கற்றவர், அந்த மொழி பேசும் மனிதரை வேலையாளாக மட்டுமே பார்ப்பார்.

மொழியியல் கோட்பாடும் இந்த அரசியலிலிருந்து விலகி நிற்கவில்லை. ஹாம்பர்கில் பேராசிரியராக இருந்த கார்ல் மைன்ஹோஃப் 1912இல் எழுதிய நூலில், ‘ஹமைட்டிக்’ என்று ஒரு மொழிக்குடும்பத்தை வகுத்து, அதைக் கால்நடை மேய்க்கும், வெளிர்நிற, ஆளும் இனத்தோடு இணைத்தார். ஆப்பிரிக்காவில் எது உயர்வாகத் தெரிந்தாலும் அது வெளியிலிருந்து வந்தவர்களின் கொடை என்ற கருத்துக்கு இது துணைபோனது. ஜோசப் கிரீன்பெர்கின் 1963ஆம் ஆண்டு வகைப்பாடு, மொழிச் சான்றுகளை மட்டும் ஒப்பிட்டு, அந்தக் குடும்பமே இல்லை என்று காட்டியது. ஆரிய இனக் கோட்பாட்டோடு மல்லுக்கட்டிவரும் நமக்கு இதன் உள்ளடக்கம் பழக்கமானதுதான்.

பறிகொடுத்தவர்கள் தேடிய மொழி

அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கக் கண்டங்களில் உயிரோடு இறக்கப்பட்ட அடிமைகள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். அவர்களுடைய மொழிகள் தானாக அழியவில்லை. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தடுத்தது, பறைகளையும் தடைசெய்தது. பறை செய்தி சொல்லும் கருவி என்பதை எசமானர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆனாலும் மொழி முழுவதும் சாகவில்லை. தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைத் தீவுகளில் வாழும் கறுப்பின மக்கள் பேசும் கல்லா மொழியை அறிஞர்கள் நீண்ட காலம் ‘கெட்டுப்போன ஆங்கிலம்’ என்றே எழுதிவந்தனர். லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930களில் அங்கே சென்று பேச்சைப் பதிவுசெய்தார். பதிவு செய்ததை விளங்கிக்கொள்ள லண்டன் சென்று ஆப்பிரிக்க மொழிகளைப் படித்தார். 1949இல் வெளியான அவருடைய நூல், ஏறத்தாழ 4000 ஆப்பிரிக்கச் சொற்களைக் கல்லாவில் அடையாளம் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை மக்கள் வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட பெயர்கள். வெளியே எசமானர் வைத்த பெயர், உள்ளே தாய் வைத்த பெயர். பதிவேட்டில் ஏறாத இந்தப் பெயர்களில்தான் மொழி ஒளிந்து உயிர்பிழைத்தது.

டர்னர் ஜார்ஜியாவில் ஒரு பெண்ணிடம் ஒரு பாடலைப் பதிவுசெய்தார். பாடியவருக்கே அதன் பொருள் தெரியாது. தாய் சொல்லிக்கொடுத்தது, அவ்வளவுதான். அது சியரா லியோனில் பேசப்படும் மெண்டே மொழிப் பாடல் என்பது பிறகு தெரிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் ஆய்வாளர்கள் சியரா லியோனில் ஊர் ஊராகத் தேடி, அதே பாடலை நினைவில் வைத்திருந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தனர். அவர் அதைத் தம் பாட்டியிடம் கற்றிருந்தார். இறந்தவர்களுக்கான சடங்கில் பாடும் பாட்டு அது. 1997இல் ஜார்ஜியாப் பெண்ணின் மகள் சியரா லியோன் சென்று அந்த ஊராரைச் சந்தித்தார். இரண்டு கரைகளிலும் பாட்டைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். அது எந்தப் பள்ளியும் கற்பிக்காத பாட்டு.

இப்படி ஒரு நூல் கிடைத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குத் தங்கள் முன்னோர் எந்த மொழி பேசினார்கள் என்பதே தெரியாது. அப்படியானால் எந்த மொழியைக் கற்பது? 1960களின் கறுப்பர் இயக்கம் இந்தக் கேள்விக்குக் கண்ட விடைகளில் முதன்மையானது சுவாஹிலி. 1966இல் மௌலானா கரெங்கா உருவாக்கிய க்வான்சா விழாவின் பெயரே ‘முதல் விளைச்சல்’ என்று பொருள்படும் சுவாஹிலித் தொடரிலிருந்து வந்தது. 1968 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டு மார்ச் வரை நீடித்து, இனக்குழுக் கல்விக்கென்று ஒரு தனிக் கல்லூரியையே வென்றெடுத்தது. அந்தக் காலத்தில் பல கல்வி நிலையங்களில் சுவாஹிலி வகுப்பு கேட்டுப் பெறப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவருள் பெரும்பாலோரின் முன்னோர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். சுவாஹிலியோ கிழக்குக் கரையின் மொழி. இதை அன்றே பலர் சுட்டிக்காட்டினர். ஆனால் தெரிவு செய்தவர்கள் அறியாமல் செய்யவில்லை. சுவாஹிலி ஒரே ஒரு இனக்குழுவின் உடைமையாக இருக்கவில்லை. நைரேரேயின் டான்சானியா அதை ஆட்சிமொழியாக உயர்த்தியிருந்தது. ‘உஹுரு’ என்றால் விடுதலை, ‘உஜமா’ என்றால் குடும்பமாய்க் கூடிவாழும் கூட்டுறவு என்ற சொற்கள் ஏற்கெனவே உலகைச் சுற்றியிருந்தன. கடந்தகாலத்தை மீட்க முடியாதவர்கள் எதிர்காலத்துக்காக ஒரு மொழியைத் தேர்ந்தார்கள். மரபு என்பது இரத்தத்தில் மட்டும் வருவதில்லை, அரசியல் தெரிவாகவும் வரலாம் என்பதற்கு இது நல்ல சான்று. அம்பேத்கர் 1956இல் பௌத்தத்தைத் தேர்ந்ததை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்க அரசும் ஆப்பிரிக்க மொழிகளுக்குப் பணம் கொடுத்தது. சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக்கை ஏவியதும், மறு ஆண்டு வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, நாட்டின் நலனுக்குத் தேவையான அயல்மொழிகளுக்கு நிதி ஒதுக்கியது. ஆக ஒரே வளாகத்தில், ஒரே சுவாஹிலி, விடுதலைக்காகவும் படித்தார்கள், பனிப்போருக்காகவும் படித்தார்கள். மொழி ஒன்று என்பதற்காக நோக்கமும் ஒன்று என்று நாம் ஏமாறக் கூடாது.

பிள்ளைகளுக்காகத் திறந்த வகுப்பறை

1971இல் பெர்னார்ட் கோர்டு என்ற கிரெனடாக்காரர் லண்டனில் ஒரு சிறு நூல் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளைப் பிரிட்டிஷ் பள்ளிகள் எப்படி ‘கற்றல் குறைந்தவர்கள்’ என்று முத்திரை குத்தித் தனிப்பள்ளிகளுக்குத் தள்ளுகின்றன என்பதை அது விளக்கியது. பிள்ளை வீட்டில் பேசும் கிரியோல் மொழியை ஆசிரியர் தவறான ஆங்கிலமாக மதிப்பிட்டார். அந்த மதிப்பீடு பிள்ளையின் அறிவின் அளவாக ஆனது. பெற்றோர்களும் இயக்கத்தினரும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டு அறைகளிலும் தேவாலயக் கூடங்களிலும் துணைப்பள்ளிகள் நடத்தினர். கணக்கும் ஆங்கிலமும் கற்பித்ததோடு, பள்ளி சொல்லாத ஆப்பிரிக்க, கரீபிய வரலாற்றையும் கற்பித்தனர். ஜான் லா ரோஸ் தொடங்கிய ஜார்ஜ் பேட்மோர் துணைப்பள்ளி அவற்றுள் ஒன்று. அரசுப் பள்ளி இழிவுபடுத்திய பிள்ளைக்கு, சேரித் தெருவிலேயே இரவுப்பள்ளி நடத்திய நம்மவர்களின் வரலாற்றுக்கு இது நெருங்கிய உறவு.

ஸ்வீடன் வேறு வழியில் சென்றது. 1977 முதல் அங்கே வீட்டுமொழிக் கல்வி பள்ளிப் பிள்ளைகளின் உரிமை. ஒரு மொழியைக் கேட்கும் பிள்ளைகள் குறைந்தது ஐந்து பேர் இருந்து, தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் உள்ளாட்சி அமைப்பு வகுப்பு நடத்த வேண்டும். சோமாலியும் டிக்ரின்யாவும் இப்படிக் கற்பிக்கப்படுகின்றன. அரசே பொறுப்பேற்பது பெரிய வெற்றி. ஆனால் பாடம் பெரும்பாலும் வழக்கமான நேரத்துக்கு வெளியே வைக்கப்படுகிறது. ஆசிரியர் பள்ளிக்குப் பள்ளி அலைகிறார். சட்டத்தில் உரிமை, கால அட்டவணையில் ஓரம் என்ற நிலை நமக்கும் தெரிந்ததே.

பிரேசில் இன்னொரு பாடம். அடிமைக் கப்பல்களிலிருந்து உயிரோடு இறக்கப்பட்டவர்களில் சுமார் 48 லட்சம் பேர் அங்கே இறக்கப்பட்டார்கள். 1888இல்தான் அடிமைமுறை ஒழிந்தது. கறுப்பர் இயக்கங்கள் பல்லாண்டுகள் போராடியதன் விளைவாக, 2003 ஜனவரியில் 10.639 எண்ணுள்ள சட்டம் வந்தது. அரசு, தனியார் பள்ளிகள் அனைத்திலும் ஆப்பிரிக்க வரலாறும் ஆப்பிரிக்க-பிரேசிலியப் பண்பாடும் கட்டாயப் பாடம் என்றது அது. ‘விருப்பமுள்ளவர்கள் படிக்கலாம்’ என்று சொல்லாததே அதன் சிறப்பு. ஒடுக்கப்பட்டவரின் வரலாற்றை ஒடுக்கப்பட்டவரின் பிள்ளை மட்டும் படித்தால் அது ஆறுதல். எல்லோருடைய பிள்ளையும் படித்தால்தான் அது கல்வி.

பிரேசிலில் யொரூபா மொழி வழிபாட்டுக் கூடங்களில் வாய்மொழியாகத் தொடர்ந்து வந்தது. பாயியா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் 1959இல் ஆப்பிரிக்க-கீழைத்தேய ஆய்வு மையம் ஏற்பட்டபின் நைஜீரிய ஆசிரியரைக் கொண்டு யொரூபா வகுப்பும் நடந்தது. இங்கே நுட்பமான ஒரு சிக்கல் எழுகிறது. யொரூபாவில் உயர்வு, நடு, தாழ்வு என மூன்று சுரநிலைகள் உண்டு. ‘ஒக்கோ’ என்ற ஒரே எழுத்துக்கூட்டை ஒரு சுரத்தில் சொன்னால் கணவன், இன்னொன்றில் மண்வெட்டி, மற்றொன்றில் வண்டி. சுரம் இல்லாத போர்ச்சுகீசிய மொழிச் சூழலில் நூற்றாண்டுகள் வாழ்ந்த வழிபாட்டு யொரூபா மாறிவிட்டது. அப்படியானால் லாகோஸிலிருந்து வந்த பேராசிரியர், நூறாண்டு மரபைக் காத்த மூதாட்டியைத் திருத்தலாமா? இன்றைய பேச்சு யொரூபாவைக் கற்க அவர் தேவை. அடிமைக் கப்பலைத் தாண்டி வந்த யொரூபாவுக்கு அந்த மூதாட்டியே ஆசிரியர். ஒன்றைச் ‘சரி’ என்றும் மற்றதைப் ‘பிழை’ என்றும் எழுதும் கணத்தில், கல்லாவைக் கெட்டுப்போன ஆங்கிலம் என்றவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

பாரம்பரியத்துக்குள் இருக்கும் படிநிலை

இதுவரை வெளியிலிருந்து வந்த ஒடுக்குமுறையைப் பார்த்தோம். தலித் இயக்கத்தவரான நாம் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ‘நம் பண்பாடு’ என்று யாரேனும் சொன்னால், அந்த ‘நம்’முக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கைவிட வேண்டியதில்லை.

சுவாஹிலியையே எடுத்துக்கொள்வோம். நாகரிகத்துக்கு அந்த மொழியில் ‘உஸ்தாராபு’ என்று பெயர். அரபுவயமாதல் என்பது அதன் வேர்ப்பொருள். அதற்கு எதிர்ச்சொல் ‘உஷென்சி’, காட்டுமிராண்டித்தனம். கரையோரத்தார் உள்நாட்டு மக்களை ‘வஷென்சி’ என்றார்கள். அந்த உள்நாட்டிலிருந்துதான் ஜான்சிபார் அடிமைச் சந்தைக்கு மனிதர்கள் ஓட்டிவரப்பட்டார்கள். நாகரிகமடைவது என்றால் மேலே உள்ளவரைப் போல் ஆவது என்று ஒரு சொல்லே சொல்கிறது. சமஸ்கிருதமயமாதலை விவாதித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவர்களைக் கண்டதும் சொல்லும் ‘ஷிகமோ’ என்ற வணக்கத்துக்கு ‘உங்கள் பாதம் பிடிக்கிறேன்’ என்று பொருள் சொல்வார்கள். இன்று அது வயதுக்குத் தரும் அன்பான மரியாதை. ஆனால் யார் யாருடைய பாதத்தைப் பிடித்தார்கள் என்ற வரலாற்றை மாணவருக்குச் சொல்லாமல் வெறும் அழகிய வழக்கமாகக் கற்பிப்பது முழுமையான பாடம் ஆகாது.

இக்போ மக்களிடையே ‘ஒசு’ என்ற பிரிவினர் உண்டு. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். மண உறவும் சம இடமும் மறுக்கப்பட்டவர்கள். சினுவா அச்சிபியின் முதல் நாவலில் புதிய தேவாலயத்தின் கதவைத் தட்டியவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் நாவலில், லண்டனில் படித்து வந்த நாயகன் காதலித்த பெண் ஒசு என்பதால் அவன் குடும்பமே குறுக்கே நிற்கிறது, கிறித்தவரான தந்தையும்கூட. கிழக்கு நைஜீரிய சட்டமன்றம் 1956இல் ஒசு முறையைச் சட்டப்படி ஒழித்தது. சட்டம் ஒழித்ததைத் திருமணப் பேச்சு இன்னும் ஒழிக்கவில்லை. மேற்கே வொலோஃப், மாண்டே சமூகங்களில் பாணரும் கொல்லரும் தோல் தொழிலாளரும் பிறப்புவழிக் குழுக்களாகப் பிரிந்து, தமக்குள்ளேயே மணந்துகொள்ள வேண்டியவர்களாக இருந்தார்கள். பாணர்களுக்கு அரசவையில் செல்வாக்கும் இருந்தது. ஆகவே நம் சாதிமுறையின் அச்சு அசல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்களுடைய இசையை வெளிநாட்டு மேடைகளில் கொண்டாடுகிறவர்கள், அவர்களோடு மண உறவு கொள்ளத் தயங்கியவர்களின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பறையை மேடையில் ஏற்றிப் பறையரைத் தெருவில் நிறுத்தும் வித்தையை அறிந்தவர்கள் நாம்.

சோமாலியா மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 1972இல் சோமாலி மொழி லத்தீன் எழுத்தில் அரசு மொழியாக ஏற்றம் பெற்றது. காலனிய மொழிகளை விலக்கிய பெரும் சாதனை. ஆனால் தரப்படுத்தப்பட்டது வடக்கின் வழக்கு. தெற்கின் மாய் வழக்கு ஒதுக்கத்தில் நின்றது. அந்தத் தெற்கில்தான், 19ஆம் நூற்றாண்டில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் உழவு செய்து வாழ்ந்தார்கள். சோமாலி பாண்டு என்று இன்று அழைக்கப்படும் அவர்கள் மாய் பேசுகிறார்கள். சிலர் முன்னோரின் சிகுலா மொழியையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் அகதிகளாகி, 2000களில் சுமார் 12,000 பேர் அமெரிக்காவில் குடியேற்றப்பட்டனர். இப்போது ஒரு நகரத்தில் ‘சோமாலிப் பாரம்பரிய வகுப்பு’ தொடங்கினால், அந்தப் பிள்ளைகள் எந்த மொழியில் அமர்வார்கள்? அவர்களைத் தாழ்த்தியவர்களின் வழக்கே அவர்களுக்குத் ‘தாய்மொழி’ என்று கற்பிக்கப்படுமானால் வெளிநாடு சென்றும் என்ன மாறியது?

2001இல் நேட்டால் மண்ணில் உள்ள டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. சீனிவாசன் பணியாற்றிய அதே மண்ணுக்குத் தலித் செயல்பாட்டாளர்கள் சென்று, சாதியும் பிறப்புவழிப் பாகுபாடே என்று வாதிட்டார்கள். 2002இல் இனப்பாகுபாடு ஒழிப்புக்கான ஐ.நா. குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் சாதியையும் அதையொத்த முறைகளையும் வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடாக ஏற்றது. ஒசு மக்களுக்கும் நமக்கும் பொதுவான ஒரு சொல் உலக அரங்கில் இப்படித்தான் கிடைத்தது.

நல்ல வகுப்பறைக்குச் சில அளவுகோல்கள்

இவ்வளவையும் பார்த்தபின், அயல்நாட்டில் ஆப்பிரிக்க மொழியையோ மரபையோ கற்பிக்கும் ஒரு வகுப்பை எப்படி மதிப்பிடுவது? நாம் சில கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மொழியின் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்? அவர் ஆசிரியரா, உச்சரித்துக் காட்டும் உதவியாளரா? நூலில் அவர் பெயர் இருக்கிறதா? ஊதியம் சமமாக இருக்கிறதா?

இரண்டாவது, முதல் பாடத்தில் எந்த வினைவடிவம் வருகிறது? ஏவலா, கேள்வியா? ‘தண்ணீர் கொண்டு வா’ என்று தொடங்கும் பாடமும் ‘உங்கள் ஊர் எது, எப்படி இருக்கிறீர்கள்’ என்று தொடங்கும் பாடமும் இரண்டு வகை மனிதர்களை உருவாக்கும்.

மூன்றாவது, வகுப்பில் படிப்பது அந்த மொழியின் இலக்கியமா, அந்த மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதா? 1968இல் கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவுவோர் அன்யும்பா, டபான் லோ லியோங் ஆகிய மூவரும் நைரோபிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையைக் கலைத்துவிட்டு, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்கச் சொன்னார்கள். வாய்மொழி இலக்கியமும் அதில் சேர்ந்தது. 1977இல் கமிரீதுவில் உழவர்களையும் தொழிலாளர்களையும் வைத்துக் கிக்கூயு மொழியில் நாடகம் போட்டதற்காகக் கூகி சிறைக்குப் போனார்; சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிக்கூயுவில் நாவல் எழுதினார். ஆங்கிலத்தில் எதிர்த்து எழுதியபோது பொறுத்துக்கொண்ட அரசு, மக்களுக்குப் புரியும் மொழியில் எழுதியபோது பொறுக்கவில்லை. 1925இல் வெளியான தாமஸ் மொஃபோலோவின் செசோத்தோ நாவலும், 1938இல் வெளியான ஃபகுன்வாவின் யொரூபா நாவலும், ஷாபான் ராபர்ட்டின் சுவாஹிலிப் படைப்புகளும் இருக்கும்போது, ஆப்பிரிக்க மொழிகளில் படிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது.

நான்காவது, மரபு என்று காட்டப்படுவதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்? விழாவும் உடையும் உணவும் போதும் என்று வகுப்பு நின்றுவிடுகிறதா, அல்லது ஒசுவும் சோமாலி பாண்டுவும் தங்கள் பெயரில் பேச இடம் இருக்கிறதா? அயல்நாடுகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளையும் இதே கேள்வியால் நாம் அளக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யை அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டு டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரைப் பெற்றார்கள். இந்த உறவுகள் அனைத்தும் ஆங்கிலத்தின் வழியே வந்தவை. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அன்று கிடைத்த வழி அதுதான். ஆனால் இன்றும் ஆப்பிரிக்காவைத் தமிழில் படிக்கும் நாம், பெரும்பாலும் ஆங்கிலம் தெரிவு செய்து தந்ததையே படிக்கிறோம். கிக்கூயுவில் எழுதுவேன் என்று உறுதி பூண்ட கூகியும் நமக்கு ஆங்கிலத்தைத் தாண்டித்தான் வந்து சேர்ந்தார்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1955இல் தொடங்கிய ஆப்பிரிக்க ஆய்வுத் துறையில் சுவாஹிலி கற்பிக்கப்படுகிறது. நம் மாணவர்களில் ஒருவரேனும் அங்கே சென்று படிக்கட்டும். சுவாஹிலியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு ஒரு சிறுகதையேனும் வரட்டும். குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். குஜராத் சித்திகள் தங்கள் ஆட்டத்துக்கும் இசைக்கும் வழங்கும் ‘கோமா’ என்ற பெயர், பறையையும் ஆட்டத்தையும் குறிக்கும் ‘ங்கோமா’ என்ற சொல்லின் தொடர்ச்சி. கடல் கடந்து கற்பிக்க வேண்டிய ஆப்பிரிக்க மரபு நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. அதைக் கற்க அவர்களை ஆசிரியர்களாக ஏற்க வேண்டும்.

ஒரு மொழியைக் கற்பது ஒரு மக்களோடு சமமாக அமரக் கற்பது. அப்படி அமர முடியாத வகுப்பறையில் எவ்வளவு இலக்கணம் கற்றாலும் அது கூலித் தமிழாகவே நிற்கும். நம் மாணவர்கள் எந்த மொழியைக் கையில் எடுத்தாலும், அதைச் சொன்னவரின் பெயரையும் எழுதிவைக்கும் பழக்கத்தோடு தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.